மழைக்கு ஆகாத கையுறை

பட்டாளத்தார் ஒரு கல்லோடு பகை வைத்திருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மலைமேல் செம்மேட்டிலிருந்து சோளக்காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தில், ஒரு திருப்பத்தில் அந்தக் கல் துருத்திக்கொண்டு நின்றது. ஒருநாள் அதில் முன்சக்கரம் இடறி அவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை, முழங்கையில் சிராய்ப்பு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடம் வந்தால் ஒதுங்கிப் போகப் பழகிக்கொள்வார்கள். அவர் மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்தார். கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நெம்பினார். கடைசியில் அது பெயர்ந்து பள்ளத்தில் உருண்டது. மரங்களில் மோதி மோதி இறங்கிய சத்தம் அடங்குகிறவரை விளிம்பிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

"இனி ஆரும் இதுல வுழ மாட்டாங்க, இல்லீங்களாண்ணா?" என்றேன் நான்.

"மத்தவங்களுக்காக நான் இதத் தோண்டுல, தம்பி" என்றார்.

யுத்தம் முடிந்து அவர் திரும்பி வந்த சமயம் அது. அடிவாரத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் வேலை பார்த்தவர். முதலில் பாலைவனம், அப்புறம் இத்தாலி தேசத்து மலைகள் என்று எல்லா இடத்திலும் வண்டியோட்டியிருந்தார். பட்டாளம் கழித்துக்கட்டிய ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு, அடிவாரத்தில் சொந்தப் புன்செய்க் காடு இருக்க, அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கார விவசாயி வீட்டில் வந்து தங்கினார். எதற்காக மேலே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டுகளுக்கு மருந்து, சாமான், தந்தி என்று எது வந்தாலும் கீழிருந்து கொண்டுவந்து கொடுப்பார்.

நான் அப்போது ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. எஸ்டேட் மோட்டார் சைக்கிள் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மலைக்கு அப்போது பஸ் கிடையாது. எஸ்டேட்காரர்களும் மர காண்ட்ராக்டர்களும் தங்கள் தேவைக்கு வெட்டிக்கொண்ட தடம்தான் வழி. செங்குத்தான இடங்களில் வண்டியைக் கயிறு கட்டி ஆட்கள் இழுக்க வேண்டும். அந்தத் தடத்தில் வண்டியோட்டிய நாலைந்து பேரும் கையுறைக்கு அவரிடம்தான் போனோம். வண்டி வாங்கிய இடத்திலேயே பட்டாளத்துக் கையுறைகளை ஒரு பெரிய கட்டாக அள்ளி வந்திருந்தார். மிளகோ தேனோ எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஆனால் நாம் கேட்ட கையுறையைத் தரமாட்டார். நமக்கு எது என்று அவர்தான் சொல்வார்.

முதலில் கையை நீட்டச் சொல்வார். முஷ்டி மடக்கச் சொல்வார். ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, தரையில் ஒரு மிளகைப் போட்டு அதைப் பொறுக்கச் சொல்வார். பொறுக்க முடியாவிட்டால் கழற்றி வாங்கிவிடுவார். "மொளகு தெரியாத வெரலுக்கு பிரேக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

வெயில் காலத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல், முதுகுப் பக்கம் காற்றுப் போகப் பொடித் துளை போட்டது. மழைக்கு மெழுகு ஏற்றிய கித்தான், ஒரு சுற்றுப் பெரியது, உள்ளே மெல்லிய துணி உறை. மார்கழி மூடுபனிக்கு வெளியே தோலும் உள்ளே நெருக்கமாகப் பின்னிய கம்பளியும். மழையில் சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே விட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கையில் விழுந்த தண்ணீர் முழுவதும் விரலுக்கு வந்து சேரும். எதிர்காற்றில் அப்படியே மாற்றிப் போட வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிறவனுக்கு உள்ளங்கையில் தடித்த தோல் வேண்டும். வேகமாக இறங்குகிறவனுக்கு விரல் மெல்லிசாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும், "நீ வுழறவன். உனக்கு அடியங்கையில ரெட்டைத் தோல் வெச்சதுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதமே விழுந்தேன். உள்ளங்கை தப்பியது.

மிட்டாதார் என்கிற சின்ன ஜமீன்தார் ஒருவரின் மகன் புது வண்டியில் வந்து, துளை போட்ட ஆட்டுத்தோல் அழகாக இருக்கிறது, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அது மழைக்காலம். "வெயில் வந்தா வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு சமயம், மழை வராது என்று நினைத்து நான் கோடைக் கையுறையோடு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் தூறல் போட்டது. பின்னால் வண்டிச் சத்தம். அவர்தான். வண்டியை என் குறுக்கே நிறுத்தி, மழைக் கையுறையைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனார். தவறான கையுறையோடு ஒருவனை ரோட்டில் விடுவது அவரால் ஆகாத காரியம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவர் தங்கியிருந்த வீட்டு அம்மாள் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் ஒண்டியாகப் பார்க்கிறவள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "அந்த மனுசனுக்கு நான் எத்தனை சாமைச்சோறு போட்டாலும் ஒடம்புல ஒட்டாதுங்க. சோத்த மெல்லுறப்பவே ஆரையோ சேத்து மென்னுக்கிட்டு இருக்கறாரு" என்றாள்.

அவருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் இருந்தன. கையுறையில் அந்த இரண்டு விரல்களையும் மடித்துத் தைத்திருப்பார். குண்டு பட்டது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஒருநாள் சோளக்காட்டு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது நான் கேட்டேவிட்டேன்.

"குண்டு இல்ல. குளிரு" என்றார்.

அப்புறம் சொன்னார். இத்தாலி மலையில் பனி விழுந்துகொண்டிருந்த காலம். உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்த பெரிய கையுறை அவருக்கு ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார். ஒருநாள் காலை எழுந்தால் காணோம். வெளியே வந்து பார்த்தால், செங்கோடன் என்கிறவன் அதை மாட்டிக்கொண்டு வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். அவனும் இந்த அடிவாரத்துக்காரன்தான். ஒரே படையில், ஒரே கூடாரத்தில் இருந்தவன். இவர் கேட்டதும், "இது என்னுதுங்கண்ணே" என்றான். ஹவில்தாரிடம் போனார். அவர் சிரித்துவிட்டு, செய்தியைக் கையில் கொடுத்து, கிளம்பு என்றார். இவர் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு போனார். கணவாயைத் தாண்டும்போது இடது கையில் உணர்வு இல்லை. போய்ச் சேர்ந்ததும் விரல் கறுத்திருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டார்கள். பிறகு அந்தக் கூடாரத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

"அந்த செங்கோடன் இப்ப எங்கீங்கண்ணா?"

"கீழ பேளுக்குறிச்சில இருக்கறான். மர காண்ட்ராக்டருகிட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டறான்."

"போய்க் கேக்கலீங்களா?"

"நான் எதுக்குப் போகோணும்? இன்னிக்கில்லீன்னா நாளைக்கு காண்ட்ராக்டரு மேல மரம் வெட்ட வருவாரு. அவன் வண்டிய எடுத்துட்டு இந்தத் தடத்துல ஏறுவான். ஏறறவன் எங்கிட்டத்தான் வரோணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் அடிவாரத்துக் காட்டை விட்டுவிட்டு மலையேறி வந்தார் என்று. டீ ஆறிப்போய்விட்டது. அவர் அதைக் குடிக்கவில்லை.

ஐப்பசியில் செங்கோடன் வந்தான். நல்ல மழை பிடித்திருந்த ஒரு நாள் முற்பகல். நான் பட்டாளத்தார் வீட்டு வாசலில் என் வண்டியின் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தேன். நனைந்துபோய் வந்து இறங்கியவன், அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

"அட, நீங்களாண்ணே! மலைல ஒரு பட்டாளத்தாரு கையுறை வெச்சிருக்காருன்னு சொன்னாங்க. நீங்கன்னு தெரியாமப் போச்சுங்களே! சௌக்கியமா இருக்கறீங்களா?"

நடிப்பு இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய இடது கையையும் பார்த்தான். "அடடா, வெரலு போயிருச்சுங்களா? எங்கீங்க, கடைசியா நடந்த சண்டைலீங்களா?" என்று கேட்டான்.

பட்டாளத்தார் உள்ளே போனார். மூன்று ஜோடி கையுறைகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். ஒன்று மெழுகுக் கித்தான், ஒன்று மெல்லிய தோல். மூன்றாவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உள்ளே வெள்ளை ரோமம் வைத்த, முழங்கை வரை வருகிற பெரிய கையுறை. அதே ஜாதிக் கையுறைக்காகத்தான் அந்தக் கட்டு முழுவதையும் அள்ளி வந்திருக்கிறார் என்று அந்த நிமிடம் தெரிந்தது.

அவனைக் கையை நீட்டச் சொல்லவில்லை. மிளகு போடவில்லை. சும்மா நின்றார்.

செங்கோடன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். நேரே ரோமக் கையுறையில் கையை விட்டான். "ஆகா! தாயி மடில கைய வெச்சாப்பல இருக்குதுங்கண்ணே. இதவே எடுத்துக்கறனுங்க" என்றான்.

அது பனிக்குச் செய்தது. பனி தட்டினால் உதிரும், மழை உதிராது. அந்த ரோமம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். கொஞ்ச நேரத்தில் கல்லாகக் கனக்கும். தடித்த விரல் பிரேக் பிடிக்குள் சட்டென்று நுழையாது. எனக்கே தெரிந்தது. நான் பட்டாளத்தாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் உதடு அசையவில்லை.

செங்கோடன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு இறக்கத்தில் போனான்.

"என்னுங்கண்ணா இது? இந்த மழைக்கு அதப் போட்டுட்டு எறங்குனா ஆளு தேறுவானுங்களா?"

"மூணு வெச்சேன். மறுபடியும் அதையே எடுத்தான், பாத்தியா" என்றார். குரலில் ஒரு நிறைவு இருந்தது. கல்லை உருட்டிய நாளில் இருந்த அதே முகம்.

நான் மெழுகுக் கித்தான் ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. தன் கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டு, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டு, தன் வண்டியைக் கிளப்பி என்னைத் தாண்டிப் போனார். எச்சரிக்கப் போகவில்லை. பார்க்கப் போனார். நான் ஹாரனை அடித்துக்கொண்டு பின்னால் போனேன். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஒரு வளைவில் செங்கோடனின் வண்டி தெரிந்தது. திருப்பத்துக்கு முன்னால் வேகம் குறையவே இல்லை. வலது கை பிரேக்கைத் தேடித் துழாவியது எனக்கே தெரிந்தது. வண்டி நேராகப் போய்ப் பாறையில் மோதிச் சாய்ந்தது. அவனுடைய வலது கை பாறைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வண்டியின் முழு கனமும் மணிக்கட்டின் மேல். அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஓடிப் போய்த் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் பள்ளம். ஒற்றை ஆளால் அசைக்க முடியவில்லை. பட்டாளத்தார் தன் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவன் தலைமாட்டில் குந்தினார்.

"என் கையுறைய எடுத்தது ஆருடா?"

"அண்ணே, தூக்குங்கண்ணே! கை போச்சுங்கண்ணே!"

"இத்தாலில. பனில. தலமாட்டுல வெச்சிருந்தத எடுத்தது ஆரு?"

"எந்தக் கையுறைங்கண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே! சாமி, தூக்குங்க!"

"அண்ணா, புடிங்கண்ணா! கேக்கற நேரமாங்க இது?" என்று நான் கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லு. சொன்னாத்தான் தூக்குவேன்."

செங்கோடன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "நாந்தான்! நாந்தானுங்க எடுத்தேன்! எல்லாத்தையும் நாந்தான் எடுத்தேன்!"

பட்டாளத்தார் எழுந்தார். "இந்தப் பக்கம் புடி, தம்பி" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். கையுறையைக் கழற்றியதும் அதிலிருந்து வடிந்த தண்ணீரில் ரத்தமும் கலந்திருந்தது. தன் தலைத்துணியைக் கிழித்து அவரே கட்டுப் போட்டார். நேர்த்தியான கட்டு. கீழே ஆஸ்பத்திரிக்கு அவரே தன் வண்டியில் வைத்துக் கொண்டுபோனார். அவன் வழியெல்லாம் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனான்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இனி அவன் வண்டி ஓட்ட முடியாது, காண்ட்ராக்டர் வேறு ஆள் வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

அதற்கப்புறம் சில வாரம் பட்டாளத்தார் இருந்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. வீட்டு அம்மாளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டீக்கடையில் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார். "அவனே ஒத்துக்கிட்டான், நீ கேட்டயல்ல?" என்று என்னிடம் மட்டும் அவ்வப்போது சொல்வார். நான் தலையாட்டுவேன்.

மார்கழியில் ஒரு சந்தை நாளன்று இரண்டு பேரும் பேளுக்குறிச்சிக்கு இறங்கினோம். மாட்டுத் தாம்புக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். செங்கோடன். புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சந்தையில் தரகு பார்க்கத் தொடங்கியிருந்தான். கோணல் கையைத் தூக்கி ஆட்டினான்.

"வாங்கண்ணே, வாங்க! ஏனுங்க, எல்லாரும் இங்க பாருங்க. இவரு மட்டும் அன்னிக்குப் பின்னால வரலீன்னா நான் அங்கியே செத்திருப்பேனுங்க." பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னான். எங்களுக்கு டீ சொன்னான்.

பட்டாளத்தார் உட்காரவில்லை. "அன்னிக்கு நீ ஒத்துக்கிட்டயல்ல, செங்கோடா. அத இங்க ஒருக்காச் சொல்லு" என்றார்.

"என்னுங்கண்ணே ஒத்துக்கிட்டேன்?"

"கையுறை."

செங்கோடன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, கஷ்டப்பட்டு யோசித்தான். "அன்னிக்கு நீங்க என்னமோ கேட்டீங்க. என்ன கேட்டீங்கன்னே புரியலீங்கண்ணே. ஆமான்னு சொன்னாத்தான் தூக்குவீங்கன்னு தெரிஞ்சுது, சொன்னேன். பட்டாளத்துல ஒருத்தரோடத இன்னொருத்தரு எடுக்கறது சகசந்தானுங்களே. எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறதுங்க?"

டீ வந்தது. பட்டாளத்தார் திரும்பி நடந்தார்.

பிற்பகலில் மலையேறினோம். பாதியிலேயே மூடுபனி இறங்கி, கூடவே சாரலும் அடித்தது. கயிறு போட்டு வண்டி இழுக்கிற இடத்தில் ஆட்களுக்காகக் காத்து நின்றோம். அங்கே நின்றதும் அவர் சொன்னார்.

"பொய் சொல்றான்."

நான் ஆட்கள் வருகிறார்களா என்று மேலே பார்த்தேன்.

"எல்லாம் ஞாபகம் இருக்குது அவனுக்கு. வேணும்னே பொய் சொல்றான். நீ அவன் மூஞ்சியப் பாத்தயல்ல? நீயே சொல்லு."

பார்த்திருந்தேன். அந்த முகத்தில் பொய் இல்லை. இவர் விரல் போனது, பாலைவனத்திலிருந்து வந்த மனிதன் பனியில் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு போனது, இத்தனை காலம் சோறு செல்லாமல் காத்திருந்தது, எதுவுமே அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஒரு நாள் காலையில் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

"பொய் சொல்லலீங்கண்ணா. அவனுக்கு நெசமாலுமே ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சாரல் அவர் புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டினார்.

"கழட்டு."

"என்னுங்க?"

"கையுறைய. நான் குடுத்தது. கழட்டு."

கழற்றினேன். உள்ளே கம்பளி வைத்த மார்கழிக் கையுறை. எனக்காக அடியங்கையில் ரெட்டைத் தோல் வைத்து அவரே தைத்தது. வாங்கி, பைக்குள் போட்டு, வாரை இறுக்கினார். கயிற்று ஆட்கள் வந்தார்கள். அவர் வண்டியை முதலில் இழுத்தார்கள். மேலே போனதும் அவர் எனக்காக நிற்கவில்லை.

மீதித் தடத்தை நான் வெறுங்கையோடு ஏறினேன். முதலில் விரல் நுனி எரிந்தது. பிறகு முள் குத்தியது. பிறகு ஒன்றுமே இல்லை, யாருடைய கையோ கைப்பிடியில் இருப்பது மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் பிரேக் பிடித்துவிட்டேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. செம்மேட்டுக்குப் போய் இறங்கியபோது டீத் தம்ளரைப் பிடிக்க முடியாமல், கடைக்காரர் வாயில் ஊற்றினார்.

அதன்பின் பட்டாளத்தார் என்னோடு பேசவில்லை. தடத்தில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்களுக்கு எப்போதும்போல மிளகு போட்டுப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த மழைக்கு முன் வண்டியை விற்றுவிட்டு மலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் கொடுத்த கையுறையால்தான் என் உள்ளங்கை தப்பியது. தூறலில் எனக்காகப் பாதி மலை இறங்கி வந்தவர் அவர். இதையெல்லாம் நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் எங்கேயோ, எந்த ஊரிலோ, என் கையுறையைக் கழற்ற வைத்த அந்தச் சாரல் நாளை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.